ஹோவர்கிராப்ட் வாங்கலாம், ஓட்டக் கற்ற பிறகு!

முதல் போடுவதற்கு முன் தொழில் பழகுவது நம் முன்னோர் வகுத்த முறை. நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்திய காலத்தில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, அதன் பிறகுதான் மேலாளாக உட்கார முடியும். மளிகைக் கடையிலும் இதே வழக்கம்தான். பொட்டலம் மடிக்கவும், தராசுத் தட்டைச் சமன் பார்க்கவும், பருப்பைக் கையில் அள்ளியதும் தரம் சொல்லவும் பழகிய பின்னரே தனிக்கடை என்ற பேச்சு வரும்.

இந்த முறை கடைக்கு மட்டும் உரியதன்று. நாம் வாங்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பொருந்தும். பணம் கட்டினால் இயந்திரம் வாசலுக்கு வந்துவிடும். அதை ஆளும் பழக்கம் கூடவே வருவதில்லை. இந்த உண்மையை வேறெந்த வாகனத்தையும்விடத் தெளிவாகக் காட்டுவது ஹோவர்கிராப்ட் என்னும் காற்று மெத்தை ஊர்தி. தரையிலும், நீரிலும், சேற்றிலும், பனிக்கட்டியிலும் ஓடக்கூடிய இந்த ஊர்தியை மேலை நாடுகளில் தனிநபர்களே விலைக்கு வாங்கி வைத்திருக்கிறார்கள். வாங்கியவர்களில் பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

"மளிகைக் கடைக்காரருக்கு ஹோவர்கிராப்ட் எதற்கு?" என்று வணிகப் பெருமக்கள் கேட்கலாம். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் சாலையே இல்லாத கிராமங்கள் ஏராளம். அங்குள்ள கடைகளுக்கு அரிசி, மாவு, டப்பா உணவுகள் எல்லாம் தபால் கட்டணத்திலேயே போய்ச் சேர ஒரு தனி ஏற்பாடு உண்டு. மொத்த வியாபாரி குறைந்தது 1000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 454 கிலோ சரக்கைக் கட்டி அனுப்பினால், அது தபால் நிலையத்துக்குள் நுழையாமலே நேரே ஊர் போய்ச் சேரும். 1997-இல் பெத்தேல் என்ற ஊரிலிருந்து கஸ்கோக்விம் ஆற்றங்கரைக் கிராமங்களுக்குத் தபாலையும் சரக்கையும் கொண்டு போக ஹோவர்கிராப்டை இறக்கினார்கள். கோடையில் ஆற்று நீர், குளிர்காலத்தில் உறைந்த பனி, இடையில் இரண்டுங்கெட்டான் பருவம். இத்தனையிலும் ஓடக்கூடிய வண்டி வேண்டியிருந்தது. ஆகவே இது நம் தொழிலுக்கு முற்றிலும் அந்நியமான விஷயம் அல்ல.

சமையலறைத் தராசில் பிறந்த ஊர்தி

இதைக் கண்டுபிடித்தவர் கிறிஸ்டோபர் காக்கரெல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். மார்க்கோனி நிறுவனத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, சிறிய படகுத் தொழில் ஒன்றை வாங்கி நடத்தியவர். அந்த வகையில் அவரும் நம்மைப் போன்ற சிறு முதலாளிதான். படகு ஓடும்போது நீர் பிடித்து இழுக்கும் இழுப்பைக் குறைக்க வழி தேடினார். 1955-ஆம் ஆண்டளவில் ஒரு காபி டப்பாவுக்குள் சிறிய பூனைத் தீனி டப்பாவை வைத்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள வளைய இடைவெளி வழியே காற்றை ஊதி, அந்தக் காற்று எவ்வளவு அழுத்துகிறது என்பதைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தார். வளையமாக வந்த காற்று, நேராக ஊதிய காற்றைவிட அதிக அழுத்தம் கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

சாண்டர்ஸ் ரோ நிறுவனம் கட்டிய எஸ்.ஆர்.என்.1 என்ற முதல் ஊர்தி, 1959 ஜூன் 11-இல் பொதுமக்கள் முன் ஓடிக் காட்டியது. அதே ஆண்டு ஜூலை 25-இல் பிரான்ஸ் நாட்டின் கலேயிலிருந்து இங்கிலாந்தின் டோவருக்குக் கடலைக் கடந்தது. பிளேரியோ விமானத்தில் அதே கால்வாயைக் கடந்து சரியாக 50 ஆண்டுகள் ஆன நாள் அது. ஒன்பது ஆண்டுகளில், 1968-இல், எஸ்.ஆர்.என்.4 என்ற பெரிய ஊர்தி பயணிகள் சேவைக்கே வந்துவிட்டது. பின்னர் நீளம் கூட்டப்பட்ட அதன் வகை 418 பயணிகளையும் 60 கார்களையும் ஏற்றிச் சென்றது. 1995-இல் ஒருமுறை 22 நிமிடத்தில் கால்வாயைக் கடந்து சாதனை செய்தது. 2000 அக்டோபர் முதல் தேதியோடு அந்தச் சேவை நின்றுபோனது. ஆனால் இங்கிலாந்தின் சவுத்சீக்கும் வைட் தீவின் ரைடு நகருக்கும் இடையே 1965-இல் தொடங்கிய சேவை இன்றும் நடக்கிறது.

எடைக் கணக்கு

இந்த ஊர்தி மிதப்பதன் சூட்சுமம் நமக்கு எளிதில் விளங்கும். ஆளும் பொருளுமாக 600 கிலோ எடையுள்ள சிறிய ஊர்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்பரப்பு 7 சதுர மீட்டர், அதாவது 70,000 சதுர சென்டிமீட்டர். வகுத்துப் பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 9 கிராம்கூட வரவில்லை. 70 கிலோ எடையுள்ள மனிதர் நிற்கும்போது இரண்டு பாதங்களின் பரப்பு 400 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 175 கிராம். நாம் கால் வைத்தால் முழங்கால்வரை புதையும் சேற்றில் இந்த ஊர்தி புதையாமல் போவது இதனால்தான்.

விசிறி காற்றை அடிப்பக்கம் தள்ளுகிறது. சுற்றிலும் தொங்கும் ஸ்கர்ட் எனப்படும் ரப்பர் பாவாடை, காற்று உடனே வெளியேறாமல் பிடித்து வைக்கிறது. பின்புறம் உள்ள இன்னொரு விசிறி முன்னோக்கித் தள்ளுகிறது. அதற்குப் பின்னால் உள்ள சுக்கான் பலகைகள் அந்தக் காற்றைத் திருப்பி ஊர்தியின் திசையை மாற்றுகின்றன. சில சிறிய ஊர்திகளில் ஒரே விசிறி இரண்டு வேலையையும் செய்கிறது.

பிரேக்கும் இல்லை, பிடிப்பும் இல்லை

தரையைத் தொடாமல் மிதப்பதுதான் இதன் பெருமை. தொல்லையும் அதிலேதான் இருக்கிறது. காருக்குச் சக்கரம் தரையைப் பற்றுகிறது. படகுக்கு அடிக்கட்டை நீரைப் பற்றுகிறது. ஹோவர்கிராப்ட் எதையும் பற்றுவதில்லை. எண்ணெய் தடவிய பளிங்குத் தரையில் அரிசி மூட்டையைத் தள்ளிவிட்டால் எப்படிப் போகுமோ அப்படிப் போகும்.

சுக்கானைத் திருப்பினால் மூக்கு உடனே திரும்பும். ஆனால் ஊர்தி முன்பு போன திசையிலேயே பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். மூக்கு பார்க்கும் திசை ஒன்று, உடல் போகும் திசை மற்றொன்று. புதிதாக ஓட்டுபவர் பதறிப்போய் இன்னும் அதிகமாகத் திருப்புவார். ஊர்தி தன்னைத்தானே சுற்றத் தொடங்கும்.

பயந்ததும் காலை எடுத்துவிடுவது கார் ஓட்டியவரின் பழக்கம். இங்கே விசையைச் சட்டென்று குறைத்தால், சுக்கான் பலகைகளில் மோதும் காற்றும் குறைந்துவிடும். திசை மாற்றும் சக்தி அந்த நொடியே போய்விடும். ஒரே விசிறி உள்ள ஊர்தியில் தூக்கிப் பிடிக்கும் காற்றும் சேர்ந்து குறையும். வேகத்தில் போகும்போது முன்பக்கப் பாவாடை நீரில் மாட்டி உள்ளே மடிந்தால் மூக்கு குத்தி நிற்கும். உள்ளே இருப்பவர்கள் முன்னால் தூக்கியெறியப்படுவார்கள். அந்த நேரத்தில் ஊர்தி பக்கவாட்டில் திரும்பியிருந்தால் கவிழவும் கூடும்.

இன்னொன்று, சரக்கு ஏற்றுபவர் அறிய வேண்டியது. நீரின் மேல் மெதுவாகப் போகும்போது காற்று மெத்தை நீரை அழுத்திப் பள்ளமாக்குகிறது. முன்னால் ஓர் அலை மேடு எழுகிறது. அந்த மேட்டைத் தாண்டும்வரை இயந்திரம் மிகவும் உழைக்க வேண்டும். தாண்டிவிட்டால் ஓட்டம் இலகுவாகிவிடும். பாரம் கூடினால் தாண்டவே முடியாது. கரையில் அழகாக எழும்பி நின்ற ஊர்தி, நீரில் இறங்கியதும் நொண்டிக்கொண்டே கிடக்கும். இயந்திரம் பழுது என்று நினைத்து விற்றவரோடு சண்டைக்குப் போவார்கள். உண்மையில் பழுது இருப்பது ஏற்றிய பாரத்தில்.

"நான் இருபது ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறேன், எனக்கா தெரியாது?" என்பவருக்குத்தான் இந்த ஊர்தியில் ஆபத்து அதிகம். லாரி ஓட்டிய கையும் காலும் தாமாகச் செய்யும் காரியங்கள் பல இங்கே தலைகீழாகப் போய்விடுகின்றன. விசைப்படகு ஓட்டியவருக்கும் அப்படியே. படகு காற்றைப் பொருட்படுத்தாத இடத்தில் இந்த ஊர்தி காகிதம்போல் ஒதுங்கும்.

காற்று தந்த பாடங்கள்

1972 மார்ச் 4-இல் சவுத்சீ கடற்கரைக்கு அருகே பயணிகள் ஹோவர்கிராப்ட் ஒன்று பலத்த காற்றில் கவிழ்ந்து ஐந்து பேர் இறந்தனர். 1985 மார்ச் 30-இல் 'பிரின்சஸ் மார்கரெட்' என்ற பெரிய ஊர்தி டோவர் துறைமுகத்துக்குள் நுழையும்போது பலத்த காற்றில் அலைதாங்கிச் சுவரில் மோதி, அதன் பக்கம் கிழிந்தது. நான்கு பேர் உயிரிழந்தனர். இவற்றை ஓட்டியவர்கள் இந்த வேலையையே தொழிலாகக் கொண்டவர்கள். பயிற்சி இருந்தால் விபத்தே வராது என்று யாரும் சொல்ல முடியாது. தொழிலாகச் செய்பவருக்கே காற்று இப்படி என்றால், கையேட்டைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவரின் நிலை என்ன என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அண்மைய எடுத்துக்காட்டு ஜப்பானிலிருந்து வருகிறது. ஓய்ட்டா நகருக்கும் அதன் விமான நிலையத்துக்கும் நடுவே கடல் வளைகுடா இருக்கிறது. தரை வழியாகச் சுற்றிப் போக வேண்டும். 1971 முதல் அங்கு ஹோவர்கிராப்ட் சேவை நடந்து 2009-இல் மூடப்பட்டது. அதை மீண்டும் தொடங்க, பிரிட்டனில் கட்டிய புதிய ஊர்திகள் மூன்றை வாங்கினார்கள். வண்டிகள் வந்துவிட்டன. ஓட்டுநர்கள் பழக வேண்டியிருந்தது. 2023 நவம்பரில் பயிற்சி ஓட்டத்திலேயே ஓர் ஊர்தி தடுப்பு வேலியில் மோதிச் சேதமானது. அதன் பின்னும் மோதல்கள் நடந்தன. தொடக்க நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, விமான நிலையச் சேவை 2025 ஜூலையில்தான் தொடங்கியது.

இதைத் தோல்வி என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் இந்த மோதல்கள் விமான நிலையச் சேவை தொடங்குவதற்கு முன், பயிற்சியின்போதே நடந்தன. சேதமானது வேலியும் தகடும். பழகாமல் முதல் நாளே விமானப் பயணிகளை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். காலத்தைக் கடத்தியதால் ஏற்பட்ட நட்டம் பேரேட்டில் எழுதக்கூடியது. மற்ற நட்டத்துக்கு எந்தப் பக்கத்திலும் வரவு எழுத முடியாது.

பயிற்சியில் கற்றுத்தருவது என்ன?

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் டெர் ஹோட் நகரிலுள்ள நியோடெரிக் நிறுவனம் சிறிய ஹோவர்கிராப்டுகளைச் செய்து விற்கிறது. வாங்குவோருக்கு ஓட்டுநர் பயிற்சியும் தருகிறது. ஊர்தியின் விசையைப் பின்னோக்கித் திருப்பி வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பையும் இந்த நிறுவனம் பொருத்துகிறது. ஆனால் அதையும் எப்போது, எவ்வளவு பயன்படுத்துவது என்று பழகினால்தான் பயன்.

முறையான பயிற்சி படிப்படியாகப் போக வேண்டும். முதலில் இயந்திரத்தை இயக்காமலே சோதனை. பாவாடையில் கிழிசல் உண்டா, விசிறி இறக்கையில் கீறல் உண்டா, இயந்திரத்தை உடனே நிறுத்தும் கயிறு ஓட்டுநரின் கையோடு கட்டப்பட்டிருக்கிறதா, எரிபொருள் திரும்பி வரவும் போதுமா என்று பார்க்க வேண்டும். அடுத்து, பாரத்தைச் சமன் செய்தல். முன்பாரம் கூடினால் மூக்கு குத்தும். பின்பாரம் கூடினால் எழும்பாது. லாரியில் மூட்டை அடுக்கும் நமக்கு இது புதிதல்ல.

பிறகு, தடை ஏதும் இல்லாத விரிந்த வெளியில், காற்று இல்லாத நேரத்தில், நின்ற இடத்திலேயே எழும்பி இறங்கப் பழக வேண்டும். அதன் பின் நேர் ஓட்டம். பக்கக் காற்று வீசும்போது மூக்கைக் காற்றின் பக்கம் சிறிது திருப்பி வைத்தால்தான் நேராகப் போக முடியும். அதன் பின் வளைவு. திரும்ப வேண்டிய இடத்துக்கு வெகு தூரம் முன்பே தொடங்கி, அகலமாக வளைய வேண்டும். அதன் பின் நிறுத்துதல். வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைப்பது, ஊர்தியை முழுதாகத் திருப்பி எதிர்விசை கொடுப்பது, நெருக்கடியில் நீரின்மேல் அமர்த்திவிடுவது என்று பல வழிகள் உண்டு. எந்த நேரத்துக்கு எது என்பதைக் கை அறிய வேண்டும், யோசிக்க நேரம் இருக்காது.

கரையேறுதல் தனிப் பாடம். சரிவில் ஊர்தி இறக்கத்தை நோக்கி வழுக்கும். கரையில் நிற்கும் மனிதர்களும் படகுகளும் அந்தப் பக்கம் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசியாக, இயந்திரம் நடுநீரில் நின்றுபோனால் என்ன செய்வது என்ற பாடம். உயிர்காப்பு உடை, நங்கூரம், துடுப்பு, உதவி கேட்கும் கருவி ஆகியவை இல்லாமல் கிளம்பக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலான பாடம், இன்றைக்குப் போக வேண்டாம் என்று முடிவெடுப்பது. காற்றையும் அலையையும் பார்த்துவிட்டு, வந்த வாடிக்கையாளரையும் திருப்பி அனுப்பும் துணிவு அனுபவசாலியிடம் கற்றால்தான் வரும்.

பிரிட்டனின் ஆர்.என்.எல்.ஐ. என்ற கடல் மீட்புத் தொண்டு நிறுவனம், படகும் போக முடியாத, நடக்கவும் முடியாத சேற்று நிலங்களுக்காக 2002-இல் மோர்கேம்ப் என்ற ஊரில் ஹோவர்கிராப்டைச் சேவைக்குக் கொண்டுவந்தது. அதன் படகுக் குழுவினரில் பெரும்பாலோர் வேறு தொழில் செய்யும் தொண்டர்கள். கடையும் பட்டறையும் நடத்துகிறவர்களும் இதை ஓட்டலாம், ஆனால் பயிற்சி முடித்த பிறகே என்பது அங்குள்ள முறை.

விலைப்பட்டியலில் வராத செலவு

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கான சிறிய ஹோவர்கிராப்ட், படகு என்ற வகையிலேயே பதிவாகிறது. விமானிக்கு வேண்டுவது போன்ற தனி உரிமம் கேட்பதில்லை. சட்டம் வற்புறுத்தாத இடத்தில் வாங்குபவர் தம்மைத் தாமே வற்புறுத்திக்கொள்ள வேண்டும். பல லட்சம் கொடுத்து ஊர்தியை வாங்கிவிட்டு, சில நாள் பயிற்சிக்கான கட்டணத்தில் பேரம் பேசுவது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது போன்றது.

எனவே கொள்முதல் செய்யுமுன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை:

1. விலையில் பயிற்சி அடங்குமா? எத்தனை நாள்? எத்தனை பேருக்கு?

2. ஊர்தியை ஒப்படைக்குமுன் பயிற்சியா, பின்னரா? முன்னர் என்றால்தான் நல்லது. பழகிப் பார்த்த பின் "இது நமக்கு ஒத்துவராது" என்று விலகிக்கொள்ள வழி இருக்கும்.

3. நாம் ஓட்டப் போகும் இடத்தின் காற்று, அலை, சரிவு, பாரம் ஆகியவற்றுக்கு இந்த வகை பொருந்துமா? கண்காட்சியில் ஒருவரை ஏற்றி ஓட்டிக் காட்டியது போதாது. நம் பாரத்தோடு நீரில் எழும்பிக் காட்டச் சொல்ல வேண்டும்.

4. தேயும் பாவாடைத் துண்டுகள் எங்கே கிடைக்கும்? மாற்றத் தெரிந்தவர் யார்?

5. பயிற்சி பெற்றவருக்குச் சான்று தருவார்களா? காப்பீடு எழுதுமுன் ஓட்டுபவரின் தகுதியைப் பற்றிய கேள்வி வரும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

6. ஓட்டப் போகும் நீர்நிலைக்குரிய அதிகாரிகளிடம் என்ன பதிவு, என்ன அனுமதி வேண்டும்?

முதலாளி மட்டும் பழகினால் போதாது. வண்டியைத் தினமும் ஓட்டப் போகும் பணியாளர் பழக வேண்டும். அவர் வேலையை விட்டுப் போனால் அடுத்தவருக்கும் புதிதாகப் பயிற்சி தர வேண்டும். பழைய ஓட்டுநர் அரை மணி நேரம் காட்டிக் கொடுத்ததைப் பயிற்சியாக எண்ணுவது பெருந்தவறு.

மண்டபத்தில் ஓடும் ஊர்திகள்

ஹோவர்கிராப்டைப் பார்க்க நாம் இங்கிலாந்து போக வேண்டியதில்லை. மண்டபத்தில் இந்தியக் கடலோரக் காவல் படையிடம் இருக்கின்றன. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள ஆழமற்ற கடலிலும் மணல் திட்டுகளிலும் படகு தட்டும், இந்த ஊர்தி போகும். 2022-இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் தப்பி வந்து மணல் திட்டில் தவித்த குடும்பங்களை இப்படி ஓர் ஊர்திதான் போய் மீட்டது. 2024 அக்டோபரில் இத்தகைய ஆறு ஊர்திகளைக் கட்டிப் பெறப் பாதுகாப்பு அமைச்சகம் 387.44 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது. ஒன்றுக்கு ஏறத்தாழ 64½ கோடி. அவ்வளவு விலையுள்ள பொருளைப் பழகாத கையில் யாரும் கொடுப்பதில்லை. நம் கடையில் நாலு லட்ச ரூபாய் வண்டியைப் புதிதாக வந்த பையனிடம் சாவியோடு கொடுத்துவிடுகிறோம்.

நம்மில் யாரும் நாளைக்கே ஹோவர்கிராப்ட் வாங்கப் போவதில்லைதான். ஆனால் சரக்கு ஏற்றும் போர்க்லிப்ட், குளிர்பதன அறை, மிளகாய் அரைக்கும் இயந்திரம், வீட்டுக்கு வீடு சரக்குக் கொண்டு போகும் வண்டி என்று ஆண்டுதோறும் ஏதாவது ஒன்று நம் கடைக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது. கடன் தவணை எவ்வளவு, வருமானம் எவ்வளவு என்று கணக்குப் போடும் தாளிலேயே "யார் இயக்குவார், யாரிடம் கற்பார், எத்தனை நாள்?" என்று மூன்று வரி சேர்த்து எழுதுங்கள். அந்த மூன்று வரிக்கும் விடை கிடைக்கும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம். வண்டி எட்டு நாள் தாமதமாக வந்தால் கடை மூழ்கிவிடாது. பழகாத கையில் சிக்கி ஒரு பணியாளரின் விரலோ உயிரோ போனால், அந்தக் குடும்பத்துக்கு முன் நம்மால் நிமிர்ந்து நிற்க முடியாது.